எந்தச் சிவப்பு அசல் சிவப்பு? - ஜப்பானிய பைக் நிறங்களின் கதை

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றை வாங்கிப் புதுசு மாதிரி ஆக்க நினைப்பவர்களுக்கு முதலில் பயம் காட்டுவது இன்ஜின்தான். ஆனால் கடைசி வரை பாடாய்ப் படுத்துவது இன்ஜின் இல்லை. பிஸ்டன், ரிங், கார்புரேட்டர் எல்லாம் அலைந்து திரிந்தால் எப்படியாவது கிடைத்துவிடும். நிறம் கிடைக்காது.

அது எப்படி, பெயிண்ட் கடையில் இல்லாத நிறமா என்று கேட்கலாம். "செர்ரி ரெட்" என்று கேட்டால் கடைக்காரர் உடனே ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்துவிடுவார். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. எந்த செர்ரி ரெட்? ஷோரூமில் நின்ற அன்று இருந்த சிவப்பா, பத்து வருஷ வெயிலில் வெளுத்த சிவப்பா, நடுவில் ஏதோ ஒரு பட்டறையில் பட்டி பார்த்து அடித்த சிவப்பா?

தூத்துக்குடி போன்ற ஊரில் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகும். வ.உ.சி. துறைமுகத்தையும் உப்பளங்களையும் ஒட்டி ஓடிய வண்டியில், முப்பது நாற்பது வருஷம் கழித்து முதல் பெயிண்ட் மிச்சம் இருப்பதே அபூர்வம். இருக்கும் கொஞ்சத்தையும் ரிப்பேர் என்ற பெயரில் சுரண்டி எறிந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

ஜப்பானிய நிறங்கள் இந்தியாவுக்கு வந்த கதையைக் கொஞ்சம் பார்க்கலாம்.

1980களுக்கு முன்னால் நம் ஊர் மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட், எஸ்டி, ராஜ்தூத் இவ்வளவுதான். அப்புறம் ஜப்பான் கூட்டு வந்தது. தமிழ்நாட்டுக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. 1984ல் ஓசூரில் இருந்து வெளிவந்த இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100தான் இந்திய-ஜப்பானியக் கூட்டில் வந்த முதல் 100 சிசி பைக். (இதன் பின்னால் இருந்த டிவிஎஸ் குழுமத்தை ஆரம்பித்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்தது நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில். தெற்கத்திக்காரர்கள் பெருமைப்பட்டுக் கொள்ளலாம்!) 1985ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருஷக் கடைசியில் ஆர்எக்ஸ் 100, 1986ல் கவாசாகி பஜாஜ் கேபி 100 என்று வரிசையாக வந்தன. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1983ல், எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா ஆர்டி 350ஐ ராஜ்தூத் 350 என்ற பெயரில் இறக்கியிருந்தது.

ஆர்எக்ஸ் 100ன் முதல் வண்டிகளுக்கான பாகங்கள் ஜப்பானில் இருந்து பிரித்த நிலையில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு ஒவ்வொரு பாகமாக உள்நாட்டுக்கு மாறியது. 1996 வரை, கிட்டத்தட்ட பத்து வருஷம், உற்பத்தி நடந்தது. செர்ரி ரெட், பீகாக் ப்ளூ, பிளாக் என்ற மூன்று பெயர்கள் இன்றும் ரசிகர்கள் வாயில் அப்படியே இருக்கின்றன. ஆனால் 1985ன் டேங்கும் 1996ன் டேங்கும் ஒரே பெயிண்ட் கலவையில் இருந்து வந்திருக்கும் என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. ஒரே தொழிற்சாலையில், ஒரே மாதத்தில், இரண்டு டிரம் பெயிண்டுக்கு நடுவிலேயே வித்தியாசம் வரும். பெயர் ஒன்றுதான், நிறம் ஒன்றல்ல.

சரி, ஜப்பான்காரர்கள் நிறத்தில் இவ்வளவு அக்கறை காட்டியது எப்போதிலிருந்து?

வேடிக்கை என்னவென்றால், வாகனப் பெயிண்ட் வரலாற்றில் ஜப்பான் பெயர் அதற்கு முன்பே ஒட்டிக்கொண்டது. பழைய சைக்கிள், தையல் மெஷின், ஃபோர்டு மாடல் டி கார் இவற்றில் பளபளத்த கறுப்பு வார்னிஷின் பெயரே "ஜப்பான் பிளாக்". கிழக்கத்திய அரக்குப் பூச்சைப் பார்த்து ஐரோப்பாக்காரர்கள் செய்த நகல் அது. நிலக்கீல் கலந்து அடுப்பில் சுட்டு எடுப்பார்கள். நிஜ ஜப்பானுக்கும் அதற்கும் சம்பந்தம் அவ்வளவுதான். 1920களில் டூபான்ட் நிறுவனத்தின் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வந்த பிறகுதான், சில மணி நேரத்தில் காயும் வண்ண பெயிண்ட் வண்டிகளுக்குச் சாத்தியமானது. 1924ம் வருஷ மாடல் ஓக்லண்ட் கார்கள் நீல நிறத்தில் வந்து அமெரிக்காவைத் திரும்பிப் பார்க்க வைத்தன.

ஜப்பானில் 1960களின் ஆரம்பம் வரை காருக்குச் சிவப்பு அடிக்க அனுமதி கிடையாது. அது தீயணைப்பு வண்டி மாதிரியான அவசர வாகனங்களுக்கு ஒதுக்கிய நிறம். சோய்ச்சிரோ ஹோண்டா தன் முதல் ஸ்போர்ட்ஸ் காருக்குச் சிவப்புதான் வேண்டும் என்று அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினார், பத்திரிகையில் எழுதினார், கடைசியில் ஜெயித்தார். ஒரு நிறத்துக்காகச் சண்டை போட்ட அந்த மனிதரின் கம்பெனிதான் 1969ல் சிபி 750 என்ற நாலு சிலிண்டர் பைக்கை இறக்கியது. அதன் நிறங்கள்: கேண்டி ப்ளூ க்ரீன், கேண்டி ரூபி ரெட், கேண்டி கோல்ட். 1972ல் கவாசாகியின் இசட் 1, பழுப்பும் ஆரஞ்சும் கலந்த கேண்டி நிறத்தில் வந்தது.

இந்த "கேண்டி" என்ற சொல்லில்தான் பெரிய வில்லங்கம் இருக்கிறது.

சாதாரணப் பெயிண்டில் நிறம் பெயிண்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கோட் அடித்தாலும் மூன்று கோட் அடித்தாலும், அடிப்பரப்பு மூடிவிட்டால் அதே நிறம். கேண்டி அப்படி இல்லை. முதலில் வெள்ளியோ பொன்னோ மின்னும் ஒரு மெட்டாலிக் பேஸ் கோட். அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் வண்ணப் பூச்சு. வெளிச்சம் வண்ணத்தைக் கடந்து உள்ளே போய், அடியில் இருக்கும் உலோகத் துகளில் மோதி, மறுபடி வண்ணத்தைக் கடந்து வெளியே வருகிறது. அதனால்தான் உள்ளிருந்து எரிகிற மாதிரி ஒரு ஆழம். 1950களில் கலிபோர்னியாவில் கார்களுக்கு விசேஷ பெயிண்ட் அடித்துப் பேர் வாங்கிய ஜோ பைலன் என்பவரைத்தான் கேண்டி ஆப்பிள் சிவப்பின் முன்னோடியாகச் சொல்வார்கள். ஒரு காரின் சிவப்பு டெயில் லைட் மின்னியதைப் பார்த்து வந்த யோசனையாம்.

இதில் நிறம் என்பது பூச்சின் கனம். ஒரு கோட் கூடினால் நிறம் அழுத்தமாகும். ஒன்று குறைந்தால் வெளிறும். டேங்குக்கு நாலு கோட்டும் சைடு கவருக்கு மூன்று கோட்டும் விழுந்தால், ஒரே டப்பா பெயிண்டிலேயே வண்டி இரண்டு நிறத்தில் நிற்கும். ஃபார்முலாவைக் கச்சிதமாகப் பிடித்தாலும் பிரயோஜனம் இல்லை. ஸ்பிரே கன் பிடிக்கிற கையின் வேகமும் அந்த ஃபார்முலாவில் ஒரு பகுதி.

இன்னொரு தொல்லையும் உண்டு. டேங்க் இரும்பு, சைடு கவர் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். தொழிற்சாலையில் இரும்பை 120 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டுப் பெயிண்டைக் கெட்டியாக்கலாம். பிளாஸ்டிக்கை அந்தச் சூட்டில் வைத்தால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். ஆக இரண்டுக்கும் வேறு வேறு பெயிண்ட், வேறு வேறு முறை. புது வண்டியிலேயே டேங்குக்கும் சைடு கவருக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்திருக்கலாம். அதனால் சைடு கவரைப் பார்த்து டேங்க் நிறத்தைப் பிடிப்பது ஆபத்தான வேலை. ஆனால் பல பட்டறைகளில் நடப்பது அதுதான். கையில் எடுத்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போக சைடு கவர்தானே வசதி!

கேண்டிக்கு அடுத்து வந்தது "பேர்ல்". 1980களில் ஜப்பானிய பைக்குகளின் நிறப் பெயர்களில் இது சகஜமாகிவிட்டது. பேர்ல் என்றால் முத்து. இந்த இடத்தில் மன்னார் வளைகுடா பக்கம் கொஞ்சம் ஒதுங்கியே ஆக வேண்டும்.

முத்துக்கு நிறம் கொடுப்பது சாயம் அல்ல. சிப்பி அடுக்கி வைக்கும், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லிய சுண்ணாம்புப் படலங்களில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது உண்டாகும் ஜாலம் அது. கொற்கைக் காலத்தில் இருந்து தூத்துக்குடிக் கடற்கரை அந்த ஜாலத்தை விற்றுத்தான் பெயர் வாங்கியது. பரதவர் மூழ்கி எடுத்த சிப்பியில் கிடைத்த முத்துகளைத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரிப்பார்கள். அதன் பிறகு உருட்சியையும் ஒளியையும் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். ஆணிமுத்து எது, மட்டம் எது என்று சொல்ல எந்தக் கருவியும் கிடையாது.

அதே இனச் சிப்பியை வைத்து 1893ல் ஜப்பானின் கோகிச்சி மிகிமோட்டோ வளர்ப்பு முத்தை உண்டாக்கினார். (மன்னார் வளைகுடாச் சிப்பியும் ஜப்பானின் அகோயா சிப்பியும் பிங்டாடா ஃபுகாட்டா என்ற ஒரே இனம்தான்.) 1920கள், 30களில் ஜப்பானிய முத்து உலகச் சந்தையில் குவிந்தபோது இயற்கை முத்தின் விலை சரிந்தது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961ல் நடந்தது. 1973ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். அதற்குள் முத்து என்றாலே ஜப்பான் என்று உலகம் பழகிவிட்டது.

முத்து மாதிரி மின்னும் பெயிண்டுக்கும் நீண்ட கதை உண்டு. 17ம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து ஜபமாலை வியாபாரி ஜாகின் என்பவர் மீன் செதிலில் இருந்து மின்னும் பொருளைப் பிரித்து, கண்ணாடி மணிக்குள் பூசிப் போலி முத்து செய்தார். 1960களில்தான் இன்றைய பேர்ல் பெயிண்டின் அடிப்படை வந்தது. மைக்கா தகட்டின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடை மிக மெல்லிய படலமாகப் பூசுவது. படலத்தின் கனத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வெள்ளி, பிறகு பொன், பிறகு சிவப்பு, பிறகு நீலம் என்று மின்னும் நிறம் மாறும். சிப்பி செய்கிற அதே தந்திரம்!

அந்த டைட்டானியம் எங்கிருந்து வருகிறது? இல்மனைட் என்ற கறுப்பு மணலில் இருந்து. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கும் மணல் அது. சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்துச் செந்தேரியிலும் அது உண்டு. அங்கே டைட்டானியம் ஆலை கட்ட டாடா நிறுவனம் முன்வந்ததும், 2007ல் எதிர்ப்பு கிளம்பித் திட்டம் நின்றதும் பலருக்கு நினைவிருக்கும். கறுப்பு மணலில் இருந்து உலகிலேயே வெள்ளையான நிறமி கிடைக்கிறது. எந்த நிறத்தையும் வெளிறாக்க பெயிண்ட் கடைக்காரர் ஊற்றும் வெள்ளையும் அதே பொருள்தான்.

பேர்ல் பெயிண்டை நேராகப் பார்த்தால் ஒரு நிறம், சாய்த்துப் பார்த்தால் வேறு நிறம். சிவப்பைப் பிடித்தாயிற்று என்று சந்தோஷப்பட்டு வண்டியை வெயிலுக்குத் தள்ளினால் பக்கவாட்டில் ஊதா அடிக்கும்.

இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறதே, ஸ்கேன் செய்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு நிறம் எந்தெந்த அலைநீளத்தில் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் 1930களிலேயே வந்துவிட்டது. நிறமிகளைக் கலந்தால் என்ன நிறம் வரும் என்று கணக்குப் போடும் குபெல்கா-மங்க் சமன்பாடு 1931ல் வந்தது. 1958ல் அமெரிக்காவில் இதற்கென்றே காமிக் என்ற பெயரில் ஒரு கணக்கு மெஷின் விற்பனைக்கு வந்தது. 1976ல் இரண்டு நிறங்களுக்கு இடையிலான தூரத்தை எண்ணாகச் சொல்லும் முறையும் வந்தது. அந்த எண் 1க்குக் கீழே இருந்தால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம்.

ஆனால் மெஷின் தனக்குக் காட்டிய இடத்தைத்தான் அளக்கும். வெளுத்த டேங்கின் மேல்பக்கத்தைக் காட்டினால் வெளுத்த சிவப்பை அச்சுப் பிசகாமல் கொடுக்கும். கேண்டியும் பேர்லும் ஒரே கோணத்தில் அளந்தால் பிடிபடாது, பல கோணங்களில் அளக்கும் கருவி வேண்டும்.

அப்புறம் மெட்டாமெரிசம் என்றொரு சங்கடம். வேறு வேறு நிறமிகளால் செய்த இரண்டு சிவப்புகள் பட்டறை டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும். கடற்கரை ரோட்டு வெயிலில் ஒன்று ஆரஞ்சாகவும் ஒன்று மெரூனாகவும் பல்லிளிக்கும். துணிக்கடையில் ரவிக்கைத் துணியை வாசலுக்கு எடுத்துப் போய்ச் சேலையோடு வைத்துப் பார்க்கும் அம்மாக்களுக்கு இந்த விஞ்ஞானம் எப்போதோ தெரியும். பழைய பெயிண்டில் இருந்த நிறமிகள் எல்லாம் இன்று கிடைப்பதில்லை. ஈயம் கலந்த குரோம் மஞ்சளும் ஆரஞ்சும் பல நாடுகளில் ஒதுக்கப்பட்டுவிட்டன. அதே நிறமி இல்லாமல் அதே நிறத்தைச் செய்தால் ஏதாவது ஒரு வெளிச்சத்தில் குட்டு வெளிப்பட்டே தீரும்.

விளம்பர நோட்டீஸ், பழைய போட்டோ, ஆர்.சி. புக் ஆகியவை துணைக்கு வருமா? நோட்டீஸ் என்பது நாலு மை புள்ளிகளால் அச்சடித்தது. கேண்டியின் ஆழத்தைக் காகிதம் காட்டாது. 1980களின் கலர் போட்டோக்கள் ஆல்பத்துக்குள் இருந்தபடியே சிவந்து போகும் ரகம். நீல பைக்கின் முன் நிற்கும் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆர்.சி. புக்கில் நிறத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் "ரெட்" என்று ஒரே சொல் இருக்கும். இதை லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போது, புக்கில் பிளாக் என்றும் வாசலில் சிவப்பு வண்டியும் நின்றால் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் எந்தச் சிவப்பு என்பதற்கு அங்கேயும் பதில் இல்லை.

மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்த வண்டியேதான். வெயில் படாத இடங்களில் முதல் பெயிண்ட் ஒளிந்திருக்கும். டேங்க் எம்பளத்தைக் கழற்றினால் அடியில், ஸ்டிக்கரின் கீழே, சீட் மூடியிருந்த பின்பகுதியில், சைடு கவரின் மடிப்பில். எல்லாவற்றையும் விட நம்பகமானது டேங்கின் அடிவயிறு, சேசிஸ் பைப் மேல் உட்காரும் அந்தக் குழிவு. மறுபெயிண்ட் அடித்தவர்கள் பெரும்பாலும் அங்கே கை வைத்திருக்க மாட்டார்கள் (சோம்பேறித்தனத்துக்கும் ஒரு நன்மை உண்டு).

முழுக்க மறுபெயிண்ட் ஆன வண்டியிலும் வழி உண்டு. நைஸ் எமரி பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, காசு அளவு வட்டமாக மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனால், மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி ஒவ்வொரு பூச்சும் வளையம் வளையமாகத் தெரியும். மேலே பட்டறைச் சிவப்பு, கீழே பட்டி, அதற்கும் கீழே யாரோ ஆசைப்பட்டு அடித்த கறுப்பு, பிறகு தொழிற்சாலைக் கிளியர், வண்ணம், மெட்டாலிக் பேஸ், பிரைமர், இரும்பு. கேண்டி நிறம் எத்தனை அடுக்கில் உண்டானது, அடியில் இருந்தது வெள்ளியா பொன்னா என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. மியூசியங்களில் பழைய சுவர்களுக்கும் மரச் சாமான்களுக்கும் செய்வது இதே வேலைதான்.

தூத்துக்குடியில் இதற்கு நேரமும் குறைவு. உப்புக்காற்று பெயிண்டின் ஒரு கீறல் வழியாக உள்ளே போனால் போதும். பெயிண்டுக்கு அடியில் மாட்டிய உப்பு ஈரத்தை உறிஞ்சி இழுக்கும், பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், உள்ளே துரு அரிக்கும். அதைப் பார்த்ததும் உரிமையாளருக்குப் பதற்றம் வந்து, டேங்கைப் பட்டறையில் கொடுத்து "சுத்தமா இரும்பு தெரியிற வரை எடுத்துடுங்க அண்ணே" என்று சொல்லிவிடுவார். ரிமூவர் தடவிய அரை மணி நேரத்தில் நாற்பது வருஷ ஆதாரம் வழிந்து சாக்கடைக்குப் போய்விடும். துருவை எடுக்கத்தான் வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி உப்பைப் போக்காமல் பிரைமர் அடித்தால், எவ்வளவு விலை பெயிண்டாக இருந்தாலும் மறுபடி கொப்புளம்தான். சண்டை துருவோடு இல்லை, வரிசையோடு. நிறத்தைப் படித்த பிறகு சுரண்ட வேண்டும். சுரண்டிய பிறகு நிறத்தைத் தேடக் கூடாது.

விஷயம் தெரிந்த சிலர் செய்யும் முறை இது. எம்பளத்துக்கு அடியிலும் டேங்கின் அடிவயிற்றிலும் பழைய பெயிண்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, லேசாகப் பாலிஷ் போட்டு, அங்கே அளவெடுப்பார்கள். கிடைத்த ஃபார்முலாவை நேரே டேங்கில் அடிக்காமல் தகரத் துண்டுகளில் இரண்டு கோட், மூன்று கோட், நாலு கோட் என்று அடித்து, மேலே கிளியரும் போட்டு, காய்ந்த பிறகு காலை வெயிலிலும் நடு மதியத்திலும் டியூப் லைட்டிலும் பழைய பெயிண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போன தகரத்தின் பின்னால் எத்தனை கோட், எந்த பேஸ், எந்தத் தேதி என்று எழுதி வைத்துக்கொள்வார்கள்.

கடைசியாக டேங்கை அடிக்கும்போது, அடிவயிற்றுக் குழிவில் துருப்பிடிக்காத இடமாகப் பார்த்து, உள்ளங்கை அளவு பழைய பெயிண்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவார்கள். மற்ற இடமெல்லாம் புதுச் சிவப்பு ஏறிய பிறகு டேப்பை உரித்து, அந்தத் துண்டுக்கு மட்டும் ஒரு கிளியர் கோட். டேங்கை வண்டியில் மாட்டிவிட்டால் யார் கண்ணுக்கும் அது தெரியாது. அடுத்த முறை டேங்கைக் கழற்றுகிறவருக்குத் தெரியும்.